கரிவரதனும் ஒரு மாருதி இன்ஜினும்

டர்போ இல்லாத ஒரு சாதாரண பெட்ரோல் கார் கையில வந்த உடனே நம்ம ஆட்களுக்கு முதல்ல தோணுறது ஒண்ணுதான்: இதை இன்னும் கொஞ்சம் வேகமாக்க முடியுமா? கே.கே. நகர்ல நான் பார்க்கிற செட்ல பாதி பேருக்கு இந்த ஆசை உண்டு. பழைய ஸ்விஃப்ட், ஐ10, ஹோண்டா சிட்டி, எதுவா இருந்தாலும் சரி. ஃப்ரீ ஃப்ளோ எக்ஸாஸ்ட், ஓப்பன் ஏர் ஃபில்டர், அப்புறம் ஒரு ரீமேப். மொத்தம் 40,000 ரூபாய் ஆகும்னு வச்சுப்போம். அந்தக் காசுக்கு அது தகுமா என்பதுதான் கேள்வி.

இதுக்கு இன்டர்நெட்ல ஆளுக்கொரு பதில் இருக்கு. ஆனா நம்ம தமிழ்நாட்டிலேயே ஒருத்தர் இந்தக் கேள்வியோட வாழ்ந்துட்டுப் போயிருக்கார். பெயர் எஸ். கரிவரதன். ரேஸ் உலகத்துக்கு வெறும் கரி. தமிழ்ல கரின்னா யானை. ஆனா அவர் பேர் நிலைச்சதுக்குக் காரணம், யானை மாதிரி கார் இல்லை. எறும்பு மாதிரி ஒரு குட்டி கார். அவர் கதையைத் தெரிஞ்சுக்கிட்டா நம்ம 40,000 ரூபாய் கேள்விக்கும் பதில் கிடைச்சிரும்.

மில் வீட்டுப் பையன்

கரி 1954-ல பிறந்தவர். கோயம்புத்தூர்ல லட்சுமி மில்ஸ்னு சொன்னா பஸ் ஸ்டாப் பேரே அதுதான். அந்த மில்லை நடத்தின தொழில் குடும்பம் அவருடையது. பணத்துக்குக் குறைவில்லை. ஆனா பணம் இருந்தா மட்டும் ரேஸ் கார் வந்துராது, அதுவும் அந்தக் கால இந்தியாவுல.

1970-கள்ல நம்ம ரோட்ல ஓடின கார்கள் மொத்தம் மூணு வகைதான். கல்கத்தா பக்கத்துல செஞ்ச அம்பாஸடர், பம்பாய்ல செஞ்ச ஃபியட் (பின்னாடி பிரீமியர் பத்மினி), நம்ம மெட்ராஸ் வண்டலூர்ப் பக்கம் செஞ்ச ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். எல்லாமே ஐரோப்பாவுல 1950-கள்ல பிறந்த டிசைன். ஃபியட் இன்ஜின் 1,089 சிசி. ஹெரால்ட் இன்ஜின் முதல்ல 948 சிசி. இறக்குமதிக்கு லைசென்ஸ் வேணும், வரி கொடூரம். அதனால ரேஸ் ஓட்டணும்னு நினைச்சவங்க எல்லாருமே இந்த மூணு காரோட சாமானை வச்சுத்தான் மல்லுக்கட்டணும்.

ரேஸ் நடந்த இடம் சோழவரம். சென்னைக்கு வடக்கே, ரெட்ஹில்ஸ் தாண்டி, இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுபாதை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் க்ளப் 1950-கள்ல இருந்து அங்க ரேஸ் நடத்திட்டு வந்தது. கிராண்ட்ஸ்டாண்டு, கிராவல் ட்ராப் எல்லாம் எதிர்பார்க்காதீங்க. நீளமான கான்கிரீட், ஓரத்துல வைக்கோல் கட்டு, வெயில், பெரிய கூட்டம். இன்னைக்கு இருக்கிற சீனியர்கள் நிறைய பேர் அங்கதான் முதல்முறையா ஒரு இன்ஜின் உச்ச ஆர்பிஎம்ல கத்துறதைக் கேட்டாங்க.

கரி அங்க ஓட்டினார், ஜெயிச்சார். அவர் ஸ்டியரிங் பிடிக்கிறவர் மட்டும் இல்லை, காரைக் கட்டுறவரும் கூட. ஷெட்ல இன்ஜினைப் பிரிச்சுப் போட்டு, திரும்பச் சேர்த்து, ட்ராக்ல தானே ஓட்டிப் பார்த்து, மறுபடி பிரிக்கிறவர். நம்ம பாஷையில சொன்னா, டிசைன், ஃபேப்ரிகேஷன், டெஸ்டிங் மூணும் ஒரே ஆள்.

காத்துதான் எல்லாமே

அந்தக் காலத்துல டியூனிங்னா என்னன்னு கொஞ்சம் பார்க்கணும். இல்லைன்னா அவர் பின்னாடி எடுத்த முடிவோட அருமை புரியாது.

டர்போ இல்லாத இன்ஜினுக்குள்ள காத்தை யாரும் தள்ளி விடறதில்லை. பிஸ்டன் கீழ இறங்கும்போது உள்ளே வெற்றிடம் மாதிரி ஆகும். வெளியே இருக்கிற வளிமண்டல அழுத்தம் காத்தை உள்ளே அனுப்பும். அவ்வளவுதான். எவ்வளவு காத்து உள்ளே போகுதோ அதுக்கு ஏத்த அளவுதான் பெட்ரோல் எரிக்க முடியும்: ஒரு கிராம் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 கிராம் காத்து. அப்போ பவர் வேணும்னா வழி மூணுதான். ஒவ்வொரு தடவையும் சிலிண்டர் நல்லா நிரம்பணும். இல்லைன்னா நிமிஷத்துக்கு அதிக தடவை நிரம்பணும், அதாவது ஆர்பிஎம் ஏறணும். அதுவும் இல்லைன்னா உள்ளே போனதை இன்னும் திறமையா எரிக்கணும்.

இதுக்காகத்தான் சிலிண்டர் ஹெட்டைக் கழட்டி போர்ட்டை உரசி வழவழப்பாக்குவாங்க. பெரிய கார்புரேட்டர் மாட்டுவாங்க. வால்வு அதிக நேரம் திறந்திருக்கிற மாதிரி கேம்ஷாஃப்ட்டை மாத்துவாங்க. ஹெட்டோட அடிப்பக்கத்தை மெஷின்ல சீவி கம்ப்ரஷன் ரேஷியோவை ஏத்துவாங்க. நாலு சிலிண்டரோட புகைக்குழாயையும் நீளம் பார்த்து வளைப்பாங்க.

ஒவ்வொண்ணுலயும் எவ்வளவு கிடைக்கும்? தெர்மோடைனமிக்ஸ் பேப்பர்ல நாம எழுதுற ஆட்டோ சைக்கிள் ஃபார்முலாவையே எடுங்க. காமா 1.4-ன்னு வச்சு கம்ப்ரஷன் ரேஷியோ 8.7-க்கு கணக்குப் போட்டா எஃபிஷியன்சி 57.9 சதவீதம். அதையே 10-க்கு ஏத்தினா 60.2. அதாவது இருந்ததைவிட 4 சதவீதம்தான் அதிகம், அதுவும் பேப்பர்ல. இதுக்காக ஹெட்டைச் சீவி, கேஸ்கெட் மாத்தி, அப்புறம் அன்னைக்குக் கிடைச்ச குறைஞ்ச ஆக்டேன் பெட்ரோல்ல இன்ஜின் நாக் அடிக்காம காப்பாத்தணும்.

சிலிண்டர் நிரம்புறதும் அப்படித்தான். நல்லா செஞ்ச கம்பெனி இன்ஜினே பீக் டார்க்ல முக்கால் பங்குக்கு மேல நிரம்பிடுது. மிச்சம் இருக்கிறது கொஞ்சம்தான். பெரிசா ஏதாவது வேணும்னா ஆர்பிஎம்மை ஏத்துறது ஒண்ணுதான் வழி. ஆர்பிஎம்மை ஏத்தினா வால்வு ஸ்ப்ரிங், கனெக்டிங் ராடு, பேரிங், பேலன்ஸிங் எல்லாத்தையும் மாத்தணும். இதுல செலவு நேர்கோட்டுல ஏறாது. முதல் 5 சதவீதம் மலிவு. அடுத்த 5 சதவீதம் அதைவிட பல மடங்கு. அதுக்கு அடுத்தது வீட்டை அடமானம் வைக்கிற கதை.

ஹோண்டா 1989-ல 1.6 லிட்டர் விடெக் இன்ஜின் கொண்டுவந்து 160 குதிரைத்திறன் எடுத்தாங்க. லிட்டருக்கு 100. டர்போ இல்லாம தெருவுல ஓடுற காருக்கு அது பெரிய சாதனை. ஆனா அது மாட்டி வாங்கின பார்ட்ஸ்ல வந்தது இல்லை. ஒரு பெரிய கம்பெனியோட ஆராய்ச்சிப் பிரிவு மொத்தமும் உட்கார்ந்து, ரெண்டு கேம் ப்ரொஃபைல் மாறுற மாதிரி ஹெட்டையே புதுசா வரைஞ்சு எடுத்தது.

கரி காலத்து ரேஸ்காரங்க எல்லாருக்கும் இந்தப் பாடம் அனுபவத்துல தெரியும். யார்கிட்ட வெளிநாட்டு கார்புரேட்டர் இருக்கோ, யாரோட இன்ஜினை வாராவாரம் பிரிச்சு மாட்டக் காசு இருக்கோ, அவங்க முன்னாடி போவாங்க. 1980-களின் தொடக்கத்துல விஜய் மல்லையா ஒரு நிஜ ஃபார்முலா ஒன் எஞ்சைன் காரையே இறக்குமதி பண்ணி சோழவரத்துல ஓட்டினார். கூட்டத்துக்கு அது திருவிழா. ஆனா அதே ரேஸைப் பார்க்க வந்த ஒரு மெக்கானிக்கோட பையனுக்கோ, ஒரு பேங்க் கிளார்க்கோட பையனுக்கோ ட்ராக்குக்குள்ள இறங்க வழியே இல்லை.

இன்ஜினைத் தொடாத புத்தி

1983 டிசம்பர்ல மாருதி 800 வந்தது. 796 சிசி, மூணு சிலிண்டர், 40-க்குக் கொஞ்சம் குறைவான குதிரைத்திறன். பவர்னு பார்த்தா ஒண்ணும் இல்லை. ஆனா அம்பாஸடர், ஃபியட் இன்ஜின்களோட ஒப்பிட்டா அது வேற ஜென்மம்: அலுமினியம் ஹெட், ஓவர்ஹெட் கேம், எடை குறைவு, உதிரி பாகம் எல்லா ஊர்லயும் கிடைக்கும். இன்னொரு விஷயம், அது முன்சக்கரம் இழுக்கிற கார். அதனால இன்ஜின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் மூணும் ஒரே மூட்டையா இருக்கும். அந்த மூட்டையை அப்படியே தூக்கி ஓட்டுறவர் முதுகுக்குப் பின்னாடி வச்சா, நடு இன்ஜின் ரேஸ் கார் ரெடி.

கரி செஞ்சது அதைத்தான். 1980-களின் கடைசியில அவரோட சூப்பர் ஸ்பீட்ஸ், கோயம்புத்தூர்ல ஒரு ஒற்றை இருக்கை ரேஸ் காரைக் கட்டினது. இரும்புக் குழாய் ஃப்ரேம், மேல லேசான ஃபைபர் பாடி, பின்னாடி மாருதி 800 இன்ஜின். பேரு ஃபார்முலா மாருதி. இந்தியாவுல ஒற்றை இருக்கை ரேஸைச் சாதாரண ஆள் எட்டுற விலைக்குக் கொண்டுவந்த கார் அதுதான்.

இப்போ இதுல இருக்கிற வேடிக்கையைப் பாருங்க. இன்ஜினைப் பிரிச்சு மேயத் தெரிஞ்ச ஒரு ஆள், நாட்டுக்கே ஒரு ரேஸ் கார் செய்ய உட்காரும்போது, கறிகாய் வாங்க மார்க்கெட்டுக்குப் போற காரோட இன்ஜினை எடுத்துக்கிட்டார். குதிரைத்திறனைத் துரத்தல. காரைச் சுத்தி இருந்த மத்த எல்லாத்தையும் தூக்கி எறிஞ்சார். கதவு, கண்ணாடி, கூரை, பின்சீட், டிக்கி, எல்லாம்.

ஏன் அது வேலை செஞ்சதுன்னு ஒரு உதாரணக் கணக்கு. மாருதி 800 கார் 650 கிலோ, ஓட்டுறவர் 70 கிலோ, மொத்தம் 720. இன்ஜின் 38 குதிரைத்திறன்னு வச்சா, ஒரு டன்னுக்கு 53. அதே இன்ஜினை, ஆளோட சேர்த்து 450 கிலோ வர்ற ஒரு ஒற்றை இருக்கை கார்ல வச்சா, ஒரு டன்னுக்கு 84. இன்ஜின்ல ஒரு போல்ட்டைக் கூட மாத்தல. இதே 84-ஐ அந்த 720 கிலோ கார்லயே டியூனிங்ல எடுக்கணும்னா இன்ஜின் 60 குதிரைத்திறன் தரணும். அந்தக் கார்புரேட்டர் இன்ஜின்கிட்ட அதைக் கேட்டா அது ரெண்டு ரேஸ்ல ராடை வெளியே தள்ளிடும்.

அதோட முடியல. எடை குறைஞ்சா ப்ரேக் சீக்கிரம் பிடிக்கும், டயர் சீக்கிரம் தேயாது, வளைவுல வேகமாப் போகும். குதிரைத்திறன் நேர் ரோட்ல மட்டும்தான் உதவும். எடைக் குறைப்பு எல்லா இடத்துலயும் உதவும். இங்கிலாந்துல லோட்டஸ் கம்பெனியை ஆரம்பிச்ச காலின் சாப்மன் வாழ்க்கை முழுக்கப் பிடிச்சுத் தொங்கினது இந்த ஒரு விஷயத்தைத்தான்.

இன்னொண்ணும் உண்டு. எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி இன்ஜின், டியூனிங்குக்கு விதிமுறைக் கட்டுப்பாடு. அப்போ யார் அப்பா பணக்காரர்ங்கிற கேள்வி ட்ராக்ல கொஞ்சம் பின்னாடி போயிரும். யார் லேட்டா ப்ரேக் பிடிக்கிறா, யாருக்கு லைன் தெரியும் என்பது முன்னாடி வரும். இந்த யோசனை உலகத்துக்குப் புதுசு இல்லை. அமெரிக்காவுல 1960-கள்ல ஃபோக்ஸ்வாகன் பீட்டில் இன்ஜினை வச்சு ஃபார்முலா வீ வந்தது. இங்கிலாந்துல 1967-ல சாதாரண ஃபோர்டு இன்ஜினை வச்சு ஃபார்முலா ஃபோர்டு வந்தது. ரெண்டுமே பல உலகப் புகழ் ஓட்டுநர்களோட முதல் படி. நம்ம நாட்டுக்கு அந்த முதல் படியைக் கட்டினவர் கரி.

அந்தப் படியில ஏறினவங்க

1990-களின் தொடக்கத்துல ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துல இருங்காட்டுக்கோட்டையில மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் க்ளப்போட நிரந்தர ட்ராக் வந்துடுச்சு. போரூர் வழியா போனா கே.கே. நகர்ல இருந்து ஒரு மணி நேரத்துல போயிரலாம், ட்ராஃபிக் மனசு வச்சா. சோழவரத்து ஓடுபாதைக்கு அதோட ஓய்வு.

அந்தப் புது ட்ராக்ல ஃபார்முலா மாருதி ஓட்டி, முதல் ரேஸ்லயே போடியம் ஏறினான் கோயம்புத்தூர்ப் பையன் ஒருத்தன். நரேன் கார்த்திகேயன். அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன் ராலி ஓட்டி ஜெயிச்சவர். நரேன் அப்புறம் ஐரோப்பா போய், 1996-ல ஃபார்முலா ஏசியா சாம்பியன் ஆகி, 2005-ல ஜோர்டன் டீம்ல ஃபார்முலா ஒன் ஓட்டின முதல் இந்தியர் ஆனார். அவர் ரேஸ் வாழ்க்கையோட முதல் வரி, 40 குதிரைத்திறன் கூட இல்லாத ஒரு மூணு சிலிண்டர் இன்ஜின்.

கரி அதைப் பார்க்கல. 1995-ல கோயம்புத்தூர்ல ஒரு மைக்ரோலைட் விமானம் விழுந்து அவர் இறந்துட்டார். வயசு 41. கார்ல எத்தனையோ வேகத்துல போனவர் போனது ஆகாயத்துல.

அவர் போன பிறகு ரேஸ் ஓட்டுநரான பி. விஜயகுமார், கோயம்புத்தூர் செட்டிபாளையத்துல ஒரு ட்ராக் கட்டி 2003-ல திறந்தார். அதுக்கு வச்ச பேர் கரி மோட்டார் ஸ்பீட்வே. கரியோட யோசனையும் தொடர்ந்தது. பின்னாடி வந்த எல்ஜிபி ஃபார்முலா 4 கார்லயும் மாருதியோட 1,300 சிசி இன்ஜின்தான். இன்ஜின் கொஞ்சம் பெரிசாச்சு, தத்துவம் மாறல.

அப்போ அந்த 40,000 ரூபாய்?

இப்போ நம்ம கணக்குக்கு வருவோம். 85 குதிரைத்திறன், 900 கிலோ ஸ்விஃப்ட் ஒண்ணு. ஓட்டுறவர் 65 கிலோ. ஒரு டன்னுக்கு 88. டர்போ இல்லாத இன்ஜின்ல எக்ஸாஸ்ட், ஃபில்டர், ரீமேப் மூணும் ஒழுங்கா செஞ்சு 6 குதிரைத்திறன் கிடைச்சதுன்னு தாராளமாவே வச்சுக்கோங்க. ஒரு டன்னுக்கு 94 ஆகும். 7 சதவீதம் லாபம்.

அதே கார்ல நாலு பேரா போறோம்னு வைங்க. 1,160 கிலோ, ஒரு டன்னுக்கு 73. மூணு நண்பர்களையும் அசோக் பில்லர்ல இறக்கி விட்டா 88. அதாவது 20 சதவீதம் லாபம், செலவு ஒண்ணும் இல்லை. ரீமேப்பை விட மூணு மடங்கு. நட்பு போயிரும், அது வேற கணக்கு.

டர்போ கார்ல கதை வேற. அங்க காத்தைத் தள்ளுற மெஷின் ஏற்கெனவே இருக்கு, சாஃப்ட்வேர்ல பூஸ்டை ஏத்தினாலே நல்ல வித்தியாசம் தெரியும். டர்போ இல்லாத கார்ல ரீமேப் பண்ணா பெரும்பாலும் மாறுறது த்ராட்டில் ரெஸ்பான்ஸ். பெடலை லேசா மிதிச்சாலே த்ராட்டில் நிறைய திறக்கும், அதனால கார் வேகமான மாதிரி தோணும். தோணுறது தப்பில்லை, ஆனா அது பவர் இல்லை. சத்தமான எக்ஸாஸ்ட்டும் காதுக்குத்தான் வேகம்.

சட்டமும் குறுக்கே நிக்குது. மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதுக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுங்குது. 2019-ல சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி பண்ணிச்சு. நம்ம டிஎன் 09 ஆர்.டி.ஓ ஆபீஸே கே.கே. நகர்லதான் இருக்கு என்பதை ஞாபகம் வச்சுக்கோங்க. வாரண்டி போறதும், இன்ஷூரன்ஸ்காரன் க்ளெய்ம்ல கேள்வி கேக்கறதும் தனி.

அதுக்காக அந்தக் காசைப் பேங்க்ல போடுங்கன்னு சொல்லல. வேகம்தான் வேணும்னா நல்ல டயர், நல்ல ப்ரேக் பேட், புது சஸ்பென்ஷன் புஷ், அப்புறம் ட்ராக்ல ஒரு பயிற்சி நாள். இதுல எல்லாம் அதே இன்ஜின் வேற கார் மாதிரி ஓடும். இன்ஜின் எப்படி வேலை செய்யுதுன்னு கத்துக்கறதுதான் ஆசைன்னா, பழைய இரும்புக் கடையில ஒரு 800 இன்ஜினை வாங்கி ஷெட்ல பிரிங்க. அந்தப் படிப்புக்கு விலை உண்டு, அதுக்குக் காசு போனாலும் பரவாயில்லை.

இதுல நமக்கு இன்னொரு சம்பந்தமும் இருக்கு. காலேஜ் டீம்கள் மோதுற ஃபார்முலா பாரத் போட்டி நடக்கிறது கரி மோட்டார் ஸ்பீட்வேலதான். அதோட விதிப்படி இன்ஜின் 710 சிசிக்குள்ள இருக்கணும், மொத்தக் காத்தும் 20 மில்லிமீட்டர் ஓட்டை வழியாத்தான் போகணும். உள்ளே எவ்வளவு பாலிஷ் பண்ணாலும் வாசல் அவ்வளவுதான். ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் நிறைய டீம்கள்ல ஸ்பான்சர் காசு வந்த உடனே முதல் சண்டை இன்ஜின் செலவைப் பத்தித்தான் வரும். கடைசியில கார் டிசம்பர் வரைக்கும் ஷெட்லயே இருக்கும், டெஸ்டிங்குக்கு நாளும் இருக்காது, டயருக்குக் காசும் இருக்காது.

அடுத்த செட் ஜூனியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பட்ஜெட் போடும்போது முதல் வரியில எடைக் குறைப்பு, ரெண்டாவது வரியில டெஸ்டிங் நாட்களுக்கான டயர், பெட்ரோல். இன்ஜின் கடைசி வரியில இருக்கட்டும். கேட் மேல பேர் எழுதியிருக்கிற மனுஷன் தன் காரைக் கட்டினது அந்த வரிசையிலதான்.